மைல் டிக்கெட்டில் ஓர் இடைநிறுத்தம்: வணிகர் அறிய வேண்டிய கணக்கு

நம் சங்க உறுப்பினர்களில் பலருக்கு இன்று வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். மகன் சிங்கப்பூரில், மருமகன் டொராண்டோவில், மைத்துனர் கோலாலம்பூரில் என்று ஆதிச்சநல்லூர், செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளிலும் வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டி இருக்கிறார். அவர்களைப் பார்க்கப் போகும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் விமான மைல்களைக் கொண்டே டிக்கெட் எடுத்து அனுப்புகிறார்கள். "மாமா, மைலில் எடுத்திருக்கிறேன். வழியில் இரண்டு நாள் சிங்கப்பூரிலும் இறங்கலாம், செலவே இல்லை" என்று தொலைபேசியில் சொல்கிறார்கள்.

செலவே இல்லை என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு வணிகர் செய்ய வேண்டியது, காகிதத்தையும் பேனாவையும் எடுப்பதுதான். மைல் டிக்கெட் என்றால் என்ன, அதில் வழியில் ஓர் ஊரில் இறங்கித் தங்க முடியுமா, தங்கினால் லாபமா நஷ்டமா என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த ரயில் விதி

விமான விதியைப் புரிந்துகொள்ள ரயில் விதியிலிருந்து தொடங்குவது எளிது. இந்திய ரயில்வேயில் "பிரேக் ஜர்னி" என்ற வசதி நெடுங்காலமாக உண்டு. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு ஒரே டிக்கெட் எடுத்தவர், குறைந்தது 500 கிலோமீட்டர் பயணம் செய்த பிறகு, வழியில் உள்ள ஒரு நிலையத்தில் இறங்கித் தங்கலாம். 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டானால் இரண்டு முறை தங்கலாம். வந்து சேர்ந்த நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் வரை அனுமதி. இறங்கிய நிலையத்தில் டிக்கெட்டில் குறிப்பு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ராஜதானி, சதாப்தி போன்ற ரயில்களில் இது கிடையாது.

உதாரணமாக, திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்குச் சரக்கு பார்க்கப் போகிறவர் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், சென்னையில் இறங்கி மொத்த வியாபாரிகளைப் பார்த்துவிட்டு மேலே போகலாம். இரண்டு தனி டிக்கெட் எடுப்பதைவிட ஒரே நீண்ட டிக்கெட் மலிவு, ஏனெனில் ரயில் கட்டணத்தில் தூரம் கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்கான விலை குறைந்துகொண்டே வரும். மூட்டையாக வாங்கினால் கிலோ விலை குறைவது போன்றதே இது.

விமானத்தில் இதற்கு "ஸ்டாப் ஓவர்" என்று பெயர். நாம் இதை இடைநிறுத்தம் என்று சொல்வோம். இங்கே கவனிக்க வேண்டிய எல்லைக்கோடு 24 மணி நேரம். வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு விமானத்திலிருந்து இறங்கி 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறினால் அது வெறும் மாற்றம், அதாவது "டிரான்சிட்". 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால்தான் இடைநிறுத்தம். கட்டணம், விசா, பெட்டி ஆகிய எல்லா விதிகளும் இந்தக் கோட்டின் இரு பக்கமும் வேறு வேறாக இருக்கும்.

இலவசம் என்பது புதிதல்ல

இலவசப் பயணம் என்ற பேச்சைத் தூத்துக்குடி வட்டாரம் நூறாண்டுக்கு முன்பே கேட்டிருக்கிறது. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடி, கொழும்பு வழியில் அதுவரை தனியாகக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குப் போட்டி வந்தது. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் ஆங்கிலக் கம்பெனி பயணமும் இலவசம், ஏறுகிறவருக்கு ஒரு குடையும் இலவசம் என்று அறிவித்ததை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 1908-ல் வ.உ.சி. சிறை சென்றார். 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

அந்தக் குடை தரும மடத்துக் குடையல்ல. வாடிக்கையாளர் பக்கத்துக் கப்பலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கொடுத்த குடை. இன்றைய விமான மைலும் அதே வகைதான். வாடிக்கையாளர் அடுத்த முறையும் நம் விமானத்திலேயே ஏற வேண்டும், நம்மோடு சேர்ந்த வங்கியின் அட்டையையே தேய்க்க வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது. நம் கடையில் தீபாவளிச் சீட்டு போடுகிறவருக்கு ஒரு வெள்ளி விளக்கு கொடுத்தால் அதன் விலை எங்கே அடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். மைலையும் அந்தக் கண்ணோடு பார்த்தால் குழப்பம் வராது.

மைல் என்பது என்ன?

1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் அடிக்கடி பறப்பவர்களுக்கான பெரிய திட்டத்தைத் தொடங்கியது. பறந்த மைல்களைப் பேரேட்டில் வரவு வைத்து, குறிப்பிட்ட அளவு சேர்ந்தவுடன் இலவச டிக்கெட் கொடுத்தது. மைல் என்ற பெயர் அப்படி வந்தது. இன்று மைல் என்பது தூரத்தின் அளவு அல்ல, ஒரு வகைப் புள்ளிதான். செலவழித்த பணத்துக்கு ஏற்பப் புள்ளி கொடுக்கும் நிறுவனங்களும் பல உண்டு. ஏர் இந்தியாவின் "ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்" திட்டமும் 2024-ல் அந்த முறைக்கு மாறியது. 2025 முதல் அதன் பெயர் "மஹாராஜா கிளப்".

விமான நிறுவனங்கள் கூட்டணிகளாகவும் சேர்ந்திருக்கின்றன. 1997-ல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் கனடா, லுஃப்தான்சா முதலியவை இருக்கின்றன. ஏர் இந்தியா 2014 ஜூலையில் அதில் சேர்ந்தது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 மே மாதத்தில் ஒன்வேர்ல்டு கூட்டணியில் சேர்ந்தது. ஒரு நிறுவனத்தில் சேர்த்த மைலைக் கொண்டு அதே கூட்டணியின் வேறு நிறுவன விமானத்திலும் ஏறலாம் என்பதே இதன் பயன். டொராண்டோவில் இருக்கும் மருமகன் ஏர் கனடாவின் "ஏரோபிளான்" புள்ளியைக் கொண்டு மாமனாருக்கு ஏர் இந்தியா விமானத்தில் இடம் எடுக்க முடிவது இதனால்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. மைல் என்பது கைக்கு வந்த பணம் அல்ல, கைமாற்றுச் சீட்டு போன்றது. எத்தனை மைலுக்கு எந்த ஊர் என்பதை நிறுவனம் தானாகவே மாற்றிக்கொள்ளலாம். காலாவதியும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் "கிரிஸ்ஃப்ளையர்" மைல் 36 மாதத்தில் முடியும். கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும் பறப்பதை நிறுத்தின. பறக்காத விமானத்தில் எத்தனை லட்சம் மைல் வைத்திருந்தாலும் ஏற முடியாது. ஆகவே மைலைச் சேமித்து வைப்பதைவிடச் செலவழிப்பதே புத்தி. வெங்காயத்தை இருப்பு வைக்கும் கணக்குத்தான் இதற்கும்.

இடைநிறுத்த விதி மூன்று வகை

மைல் டிக்கெட்டில் வழியில் தங்குவதற்கான விதி எல்லா நிறுவனத்திலும் ஒன்றல்ல. ஆனால் மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம்.

முதல் வகை, டிக்கெட் வகையைப் பொறுத்து இடைநிறுத்தம் சேர்ந்தே வருவது. அதிக மைல் கொடுத்து எடுக்கும் டிக்கெட்டுக்கு அனுமதி கூடுதலாகவும், குறைந்த மைல் டிக்கெட்டுக்குக் குறைவாகவும் இருக்கும். அளவுக்கு மேல் வேண்டுமானால் பணம் கட்டிச் சேர்க்கலாம். கிரிஸ்ஃப்ளையர் இந்த வகையைச் சேர்ந்தது. சென்னையிலிருந்து சிட்னி போகிறவர் சிங்கப்பூரில் தங்குவது இதற்குப் பொருத்தமான உதாரணம்.

இரண்டாம் வகை, கூடுதல் புள்ளி கொடுத்து வாங்குவது. 2020 நவம்பரில் புதுப்பிக்கப்பட்ட ஏரோபிளான் திட்டத்தில், ஒரு வழிப் பயணத்தில் 5,000 புள்ளி கூடுதலாகக் கொடுத்து ஓர் இடைநிறுத்தம் சேர்க்கலாம். அங்கே 45 நாள் வரை தங்கலாம். ஒரு வழிக்கே ஒன்று கிடைப்பதால் போகும்போது ஓர் ஊர், வரும்போது வேறோர் ஊர் என்று அமைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வகை, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி விலை. பிரிட்டிஷ் ஏர்வேஸின் "ஏவியோஸ்" புள்ளியில் ஒவ்வொரு விமானத்தின் தூரத்துக்கும் தனித்தனியாகப் புள்ளி கணக்கிடப்படுகிறது. இதில் இடைநிறுத்தம் என்று தனியாகக் கேட்க வேண்டியதே இல்லை. முதல் துண்டை ஒரு நாளும் அடுத்த துண்டை வேறு நாளும் எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் நீண்ட டிக்கெட்டுக்குக் கிடைக்கும் மலிவும் இல்லை. மூட்டை விலை இல்லாமல் கிலோ கணக்கில் வாங்குவது போன்றது.

நம் பிள்ளைகள் "மைல் இருக்கிறது" என்று சொன்னால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அது எந்தத் திட்டத்து மைல், மூன்றில் எந்த வகை?" என்பதே. விதிகள் அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் எடுக்கும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எடுக்கும் முறை

கீழ்க்கண்ட வரிசையில் செய்தால் சிக்கல் குறையும்.

1. தங்க விரும்பும் ஊர் வழியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் டிக்கெட்டில் லண்டனில் தங்க எந்த நிறுவனமும் அனுமதிக்காது. பெரும்பாலும் அந்த விமான நிறுவனத்தின் தலைமை ஊரோ, கூட்டணி நிறுவனத்தின் தலைமை ஊரோதான் தங்குமிடமாக அமையும்.

2. இரண்டு துண்டுக்கும் தனித்தனியே இடம் தேட வேண்டும். மைல் டிக்கெட்டுக்கு ஒவ்வொரு விமானத்திலும் சில இடங்களே ஒதுக்கப்படும். சென்னை, சிங்கப்பூர் துண்டில் இடம் இருந்து, சிங்கப்பூர், சிட்னி துண்டில் இல்லாமல் போகலாம். இரண்டும் கிடைக்கும் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. அதன் பிறகே "பல ஊர்" என்ற பிரிவில் ஒரே டிக்கெட்டாகப் பதிவு செய்ய வேண்டும். கணினியில் வரவில்லை என்றால் நிறுவனத்தின் தொலைபேசி சேவையில், குறித்து வைத்த விமான எண்ணையும் தேதியையும் சொல்லிக் கேட்கலாம்.

4. டிக்கெட் எடுத்த பின் சேர்ப்பதைவிட எடுக்கும்போதே சேர்ப்பது நல்லது. பின்னால் மாற்றினால் மாற்றுக் கட்டணம் வரலாம், இடமும் போயிருக்கலாம்.

5. கட்டும் முன் வரியையும் கூடுதல் கட்டணத்தையும் பார்க்க வேண்டும். மைல் டிக்கெட்டிலும் விமான நிலைய வரியைப் பணமாகவே கட்ட வேண்டும். சில நிறுவனங்கள் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்த்து வசூலிக்கின்றன. இடைநிறுத்தம் சேர்த்தால், தங்கும் ஊரிலிருந்து புதிதாகப் புறப்படுவதாகக் கருதி அந்த ஊர் விமான நிலைய வரியும் கூடலாம்.

6. எடுத்த டிக்கெட்டின் துண்டுகளை வரிசையாகவே பயன்படுத்த வேண்டும். முதல் துண்டில் ஏறாவிட்டால் மீதித் துண்டுகள் தாமாகவே ரத்தாகிவிடும்.

மைலின் விலை என்ன?

எந்தச் சரக்குக்கும் அடக்க விலை தெரியாமல் விற்பனை விலை போட முடியாது. மைலுக்கும் அப்படியே. கணக்குப் பழக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். இங்கே வரும் எண்கள் உதாரணத்துக்கே, சந்தை விலை அல்ல.

ஒரு டிக்கெட்டைப் பணம் கொடுத்து எடுத்தால் ரூ. 60,000. மைலில் எடுத்தால் 50,000 மைலும், வரியாக ரூ. 15,000-மும் ஆகிறது. அப்படியானால் 50,000 மைல் நமக்கு மிச்சம் பிடித்தது ரூ. 45,000. ஒரு மைல் 90 காசு. அதே டிக்கெட்டில் வரியும் கூடுதல் கட்டணமும் ரூ. 35,000 என்றால் மிச்சம் ரூ. 25,000 மட்டுமே. ஒரு மைல் 50 காசுதான். பணத்துக்கு எடுக்கும் விலையில் வரியைக் கழித்து, மைல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இதுவே சூத்திரம். மைல் 50 காசுக்குக் கீழே போகும் டிக்கெட்டானால், அதைப் பணத்துக்கே எடுத்துவிட்டு மைலை வேறு பயணத்துக்கு வைத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம்.

இனி மைல் வாங்கும் பக்கத்தைப் பார்ப்போம். கிரெடிட் கார்டில் கொள்முதல் செய்தால் மைல் சேரும் என்று பலர் சொல்கிறார்கள். ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, 100 ரூபாய்க்கு ஒரு மைல் வீதம் 1,000 மைல் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மைல் 50 காசு என்றால் அதன் மதிப்பு ரூ. 500.

மொத்த வியாபாரி கார்டுக்காக இரண்டு சதவீதம் கூட்டி வாங்கினால் ரூ. 2,000 போய்விடும். 500 ரூபாய்க்காக 2,000 கொடுத்ததாகும். அதைவிட மோசமானது, கார்டு பாக்கியைத் தவணை தேதியில் முழுதாகக் கட்டாமல் விடுவது. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் ஒரு மாதத்துக்கு ரூ. 3,500. அந்த வட்டி மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ. 630. ஆக மொத்தம் ரூ. 4,130. ரூ. 500 மதிப்புள்ள குடைக்காக ரூ. 4,130 கொடுத்துக் கப்பல் ஏறியது போலாகிவிடும்.

எனவே விதி ஒன்றுதான். கூடுதல் விலை கேட்காத இடத்தில், தவணைக்குள் முழுப் பணமும் கட்ட முடிகிற தொகைக்கு மட்டுமே கார்டைப் பயன்படுத்த வேண்டும். மைலுக்காகக் கொள்முதலைக் கூட்டக் கூடாது.

தங்கினால் லாபமா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். நம் வட்டாரத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போகிறார். வழியில் சிங்கப்பூரில் மூன்று நாள் தங்கி, சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் உடன்குடி கருப்பட்டிக்கு என்ன தேவை இருக்கிறது என்று பார்த்துவர நினைக்கிறார். 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்த எண்ணம் பலருக்கு வந்திருப்பது இயல்பே.

அவர் கணக்கு இப்படி இருக்கலாம். இடைநிறுத்தத்துக்குக் கூடுதல் மைல் 5,000, அதன் மதிப்பு ரூ. 2,500. கூடுதல் வரி ரூ. 3,000. விடுதி இரண்டு இரவுக்கு ரூ. 16,000. சாப்பாடும் உள்ளூர்ப் போக்குவரத்தும் ரூ. 4,000. மொத்தம் ரூ. 25,500. இதோடு கடையில் அவர் இல்லாத மூன்று நாளில் வியாபாரம் குறைந்தால் அந்த நஷ்டத்தையும் சேர்க்க வேண்டும். நாளொன்றுக்கு ரூ. 2,000 என்றால் ரூ. 6,000. ஆக ரூ. 31,500.

சிங்கப்பூருக்கு எப்படியும் இந்த ஆண்டு ஒரு முறை போயே ஆக வேண்டும் என்றிருந்தவருக்கு இது லாபம். தனியாகப் போனால் விடுதியும் சாப்பாடும் கடை நஷ்டமும் அப்போதும் உண்டு. விமானக் கட்டணம் ரூ. 30,000 தனியாக ஆகியிருக்கும். இப்போது அந்த இடத்தில் ரூ. 5,500 மட்டுமே ஆகிறது. மிச்சம் ரூ. 24,500.

ஆனால் சிங்கப்பூர் போகும் உத்தேசமே இல்லாதவர், "வழியில்தானே இருக்கிறது" என்று இறங்கினால் அவருக்கு அது மிச்சமல்ல, ரூ. 31,500 செலவு. வாங்க வேண்டாத சரக்கைத் தள்ளுபடி விலைக்கு வாங்கி அடுக்கி வைப்பது போன்றது. ஊரைச் சுற்றிப் பார்க்கத்தான் இறங்குகிறேன் என்று தெரிந்தே இறங்குவதில் தவறில்லை. உழைத்த மனிதனுக்கு அதுவும் வேண்டியதே. ஆனால் அதை வீட்டுச் செலவில் எழுத வேண்டும், வியாபார வரவில் எழுதக் கூடாது.

பயணத்துக்கு முன் நான்கு எச்சரிக்கைகள்

ஒன்று, விசா. விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறுவது வேறு, வெளியே வந்து தங்குவது வேறு. இடைநிறுத்தம் என்றால் அந்த நாட்டுக்குள் நுழைகிறோம். சிங்கப்பூருக்கு இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு விசா வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு விசா விலக்கு கொடுக்கத் தொடங்கியது. ஆயினும் அது கால வரையறை உள்ள சலுகை. புறப்படும் மாதத்தில் நீட்டிப்பு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விசா கிடைக்குமுன் மைல் டிக்கெட்டை உறுதி செய்வதானால் ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

இரண்டு, பெட்டியும் சரக்கும். இடைநிறுத்தம் செய்தால் பெட்டியை அந்த ஊரிலேயே எடுத்துக்கொண்டு, சுங்கம் தாண்டி, மறுபடியும் போட வேண்டும். ஆகவே ஆஸ்திரேலியாவில் மகளுக்குக் கொண்டுபோகும் பொருள் எல்லாம் சிங்கப்பூர் சுங்கத்தையும் கடக்கும். இரு நாட்டு விதிக்கும் ஒத்த பொருளையே எடுத்துப் போக வேண்டும். வெற்றிலை, பழம், விதை போன்ற தாவரப் பொருள்களில் கடுமையான கட்டுப்பாடு உள்ள நாடுகள் உண்டு, ஆஸ்திரேலியா அவற்றில் முதன்மையானது. திரும்பி வரும்போது பயணிக்குக் கிடைக்கும் சுங்கச் சலுகை சொந்த உபயோகப் பொருளுக்கே உரியது. விற்பனைச் சரக்கு அதில் அடங்காது. மாதிரிப் பொட்டலத்தோடு நிறுத்திக்கொண்டு, சரக்கை முறைப்படி ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெற்று அனுப்புவதே வழி.

மூன்று, சென்னை வரை செல்லும் வழி. மைல் டிக்கெட் பெரும்பாலும் சென்னையிலிருந்து தொடங்கும். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்ட பிறகு சென்னைக்குப் பறந்து போவது வசதியாகியிருக்கிறது. ஆனால் தூத்துக்குடி, சென்னை டிக்கெட் தனியாக எடுத்ததானால், அது தாமதமாகி வெளிநாட்டு விமானம் தவறினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் போனாலும் இதே நிலைதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றதையும், பக்கத்து ஊர் மக்கள் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டதையும் நம் வட்டாரம் மறக்கவில்லை. அந்த ரயிலில் மறுநாள் விமானம் பிடிக்க வேண்டியவர் ஒருவர் இருந்திருந்தால் அவர் பயணம் முழுவதும் போயிருக்கும். ஆகவே, குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில், ஒரு நாள் முன்னதாகவே சென்னை போய்ச் சேர்வது நல்லது. சென்னையில் ஒரு நாள் தங்குவதும் ஓர் இடைநிறுத்தம்தான். அதற்கு மைல் வேண்டாம்.

நான்கு, கூட்டு வியாபாரம். கம்பெனிப் பணத்தில் பறந்தாலும் மைல் பறந்தவர் பேரில்தான் சேரும். கார்டு மைலும் கார்டு யார் பேரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் விழும். அண்ணன் தம்பி கூட்டாக நடத்தும் கடையில் தம்பி பேரில் கார்டு இருந்து, கடைக் கொள்முதல் முழுவதும் அதில் நடந்தால், ஆண்டு முடிவில் தம்பி குடும்பம் சிங்கப்பூர் போகும், அண்ணன் குடும்பம் கடையில் இருக்கும். சிறு விஷயம் என்று விட்டால் வருத்தமாக மாறும். மைலை யார் பயன்படுத்துவது, அதன் மதிப்பை எப்படிப் பங்கிடுவது என்பதைப் பேசி, கூட்டுக் கணக்கில் எழுதி வைத்துவிட வேண்டும்.

வருகிறவர்களுக்கு நம் ஊர் இடைநிறுத்தம்

இதுவரை நாம் போகும் பக்கத்தைப் பார்த்தோம். வரும் பக்கமும் ஒன்று உண்டு. வணிகருக்கு அதுவே பெரிய பக்கம்.

1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதன் பிறகு சென்னைப் பக்கமிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து கப்பல் ஏறினார்கள். ரயிலுக்கும் கப்பலுக்கும் இடையே இந்த ஊரில் காத்திருந்தவர்கள் சாப்பிட்டார்கள், தங்கினார்கள், சாமான் வாங்கினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து போட் மெயில் தனுஷ்கோடி வழியாக ஓடத் தொடங்கியதும் அந்தப் பயணிகளில் பெரும்பகுதியினர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் அழிந்தது. வழி மாறினால் நின்று போகும் கூட்டமும் மாறும், வியாபாரமும் மாறும் என்பதற்கு நம் கரையே சாட்சி.

இன்று டொராண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் கொழும்புக்குப் போகும் பயணத்தில் சென்னையில் சில நாள் தங்கிக் கோயில்களுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் போகிறார்கள். திருச்செந்தூருக்கு வருகிறவர்களும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்து தாழிகளும் வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் எடுத்த பரம்பு இது. 2020 மத்திய பட்ஜெட்டில் அருங்காட்சியகம் அமைக்கப்படும் ஐந்து தொல்லியல் இடங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில், தாழிகள் கிடந்த குழியின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்த தள அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

கோயிலுக்குப் போகும் வண்டி இங்கே அரை மணி நேரம் நின்றால் அதுவே நமக்கு இடைநிறுத்தம். அப்படி நிற்கும் வெளிநாட்டுத் தமிழர் விமானத்தில் எடுத்துப் போகக்கூடிய பொருள் நம் கடையில் இருக்கிறதா? ஓலைக் கொட்டானில் கட்டிய கருப்பட்டி அழகுதான். ஆனால் எடை, தயாரித்த தேதி, பொருள் விவரம், உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட, காற்றுப் புகாமல் ஒட்டிய பொட்டலம்தான் பல சுங்கங்களில் கேள்வியில்லாமல் போகும். கால் கிலோ, அரை கிலோ அளவில் வைத்தால் பெட்டியில் இடம் பிடிக்காது. ஊறுகாய், எண்ணெய் போன்றவற்றைக் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள் என்று வாங்குகிறவரிடம் நாமே சொல்லிவிட வேண்டும். விமான நிலையத்தில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர் அடுத்த முறை நம் கடைக்கு வரமாட்டார்.

பாடச் சுருக்கம்

24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால்தான் இடைநிறுத்தம். மைல் எந்தத் திட்டத்தது என்று கேட்டால் விதி எந்த வகை என்று தெரிந்துவிடும். டிக்கெட் விலையில் வரியைக் கழித்து மைலால் வகுத்தால் மைலின் மதிப்பு தெரியும். கார்டு வட்டி கட்டிச் சேர்த்த மைல் நஷ்டம். எப்படியும் போக வேண்டிய ஊரில் தங்கினால் மிச்சம், போக வேண்டாத ஊரில் தங்கினால் செலவு. விசாவும் பெட்டியும் சென்னைப் பயணமும் டிக்கெட் எடுக்கும் முன்பே பார்க்க வேண்டியவை.

அடுத்த முறை பிள்ளைகள் தொலைபேசியில் "செலவே இல்லை" என்று சொல்லும்போது நாம் மறுக்க வேண்டியதில்லை. அவர்கள் அன்பினால் சொல்கிறார்கள். "சரி அப்பா, வரி எவ்வளவு, கூடுதல் மைல் எவ்வளவு, விசா உண்டா?" என்று மூன்றே கேள்வி கேட்டால் போதும். பதிலை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, மனம் விரும்பினால் மகிழ்ச்சியாகப் போய்த் தங்கி வரலாம். கணக்குத் தெரிந்து செய்யும் செலவு வணிகரை வருத்தாது.